உயிர் காக்கும் கயிறு

நுழையும்முன்

உயர்ந்த மலையின் உச்சியை அடைந்தவர்களை உலகம் கொண்டாடுகிறது. அவர்களோடு கயிற்றால் பிணைந்து நடந்தவர்களையும் விழுந்தவர்களைச் சுமந்து கீழே இறக்கியவர்களையும் அது எளிதில் மறந்துவிடுகிறது. எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால்பதித்த இருவருள் ஒருவர் டென்சிங் நார்கே. சிகரம் தொட்ட நாளுக்கு முன்னும் பின்னும் அவர் மலையில் ஆற்றிய பணியின் பெரும்பகுதி, பிறரைப் பாதுகாப்பாகத் திரும்பச் செய்வதாகவே இருந்தது. அவருடைய வாழ்வை அந்தக் கோணத்தில் அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

மேய்ச்சல் நிலத்துச் சிறுவன்

டென்சிங் 1914ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பிறந்தார். அவர் பிறந்த நாளைக் குறித்துவைப்பார் எவரும் இல்லை. விளைந்த பயிரையும் பருவத்தையும் கொண்டே அம்மக்கள் காலத்தைக் கணித்தனர். எவரெஸ்ட் ஏறிய பின்னர், அந்த வெற்றி நாளான மே 29ஐயே தம் பிறந்த நாளாகக் கொண்டாடி வந்தார். பதின்மூன்று குழந்தைகளுள் பதினோராவதாகப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி என்பதாகும். பின்னர்த் துறவி ஒருவரின் அறிவுரைப்படி டென்சிங் நார்கே என்னும் பெயர் சூட்டப்பட்டது.

தந்தை கவரிமா மேய்ப்பவர். எவரெஸ்டின் அடிவாரத்தில் ஷெர்பா மக்கள் வாழும் கும்பு பகுதியில், தாமே என்னும் சிற்றூரில் டென்சிங்கின் இளமை கழிந்தது. அவ்வூர் மக்கள் எவரெஸ்டைச் சோமோலுங்மா என்று அழைத்தனர். தெய்வம் உறையும் மலையாக அதை வணங்கினர். மாடு மேய்க்கும் சிறுவனோ, பறவையும் பறந்து கடக்க முடியாத மலை எனத் தாய் சொன்ன அந்தப் பனிமுடியை நாள்தோறும் பார்த்தபடி வளர்ந்தான். அருகில் பள்ளிக்கூடம் இல்லை. இறுதிவரை எழுதப் படிக்க அறியாதவராகவே அவர் இருந்தார். ஆயினும் பல நாட்டு மலையேறிகளோடு பழகிப் பல மொழிகளைப் பேசக் கற்றுக்கொண்டார்.

சுமை தூக்கியவர்

மலையேற்றக் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் இடம் டார்ஜிலிங் என்று கேள்விப்பட்டு, தம் பதினெட்டாம் வயதளவில் வீட்டைவிட்டு அங்கே சென்றார் டென்சிங். 1933ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் சேர முயன்று, முன்பின் அனுபவம் இல்லாதவர் எனத் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எரிக் ஷிப்டன் தலைமையில் புறப்பட்ட ஆய்வுக்குழுவில் அவருக்குச் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. தேர்வானவர்கள் பலருக்கும் முன்னனுபவம் இருந்தது. டென்சிங்கிடம் இருந்தது மலர்ந்த முகமும் உறுதியான உடலும் மட்டுமே.

1936ஆம் ஆண்டிலும் 1938ஆம் ஆண்டிலும் எவரெஸ்டுக்குச் சென்ற குழுக்களில் அவர் இடம்பெற்றார். 1938இல் 8,200 மீட்டருக்கும் மேல் அமைந்த ஆறாவது முகாம்வரை சுமையை எடுத்துச் சென்றார். மிக உயரத்தில் பணியாற்றிய ஷெர்பாக்களுக்கு இமயமலைக் கழகம் வழங்கிய புலிப் பதக்கம் அவருக்கும் அளிக்கப்பட்டது. பதக்கம் பெற்றவருக்குக் கூலி சற்றுக் கூடும். மற்றபடி வாழ்க்கை மாறவில்லை. குழு வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வேலை இல்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது மலையேற்றம் நின்றுபோயிற்று. வடமேற்கே சித்ரால் என்னும் மலைப்பகுதியில் படை அலுவலர் உணவகத்தில் பணிபுரிந்தார். 1944இல் மனைவியை அங்கே இழந்தார். இரு பெண்மக்களோடு மீண்டும் டார்ஜிலிங் திரும்பினார்.

மலை கற்பித்த முதற்பாடம்

மலையில் இறந்தவர்களின் கதைகளே டென்சிங்குக்கு முதற்பாடங்களாக அமைந்தன. மாரிஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர் மலையேற்றப் பயிற்சி ஏதுமின்றி, மன உறுதி ஒன்றே போதும் என நம்பி 1934இல் எவரெஸ்ட் ஏறப் புறப்பட்டார், உயிரிழந்தார். மறு ஆண்டு சென்ற ஷிப்டன் குழு, டென்சிங் முதன்முதலாகப் பங்கேற்ற அதே குழு, அவருடைய உடலைப் பனியில் கண்டெடுத்தது. துணிவு ஒன்று மட்டும் மலையில் யாரையும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே 1934ஆம் ஆண்டு நங்கபர்வத மலையில் பெருந்துயரம் நேர்ந்தது. செர்மானியக் குழுவொன்று உச்சியை நெருங்கியிருந்தபோது புயல் சூழ்ந்தது. பல நாள் நீடித்த புயலில் செர்மானிய மலையேறிகள் மூவரும் ஷெர்பாக்கள் அறுவரும் மாண்டனர். அவர்களுள் கேலே என்னும் ஷெர்பா, தனித்து இறங்கியிருந்தால் பிழைத்திருக்கலாம். நடக்க இயலாத குழுத்தலைவர் வில்லி மெர்க்கலை விட்டுவர மனமின்றி அவருடனேயே தங்கி உயிர்நீத்தார். டார்ஜிலிங்கின் ஷெர்பா குடியிருப்பில் அந்த ஆண்டு பல வீடுகளில் அழுகுரல் எழுந்தது. கேலேயின் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் டென்சிங்.

பாறையும் பனியும் மட்டுமே மலையின் இடர்கள் அல்ல. கூடாரங்களைத் தொலைவில் அமைப்பது, உணவும் எரிபொருளும் இல்லாத இடத்தில் ஆட்களை நிறுத்துவது, வானிலை மாறும் அறிகுறிகளைப் புறக்கணிப்பது போன்ற மனிதப் பிழைகளும் உயிர்களைப் பறித்தன. மலைமேல் ஒருவர் எடுக்கும் முடிவுக்கு மற்றவர்கள் உயிரை விலையாகத் தர நேர்கிறது. தலைமை ஏற்பவர் தம்மோடு வருபவர் அனைவரின் உயிருக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

மீட்புப் பணியில் டென்சிங்

1947ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவொன்று கார்வால் இமயப் பகுதிக்கு வந்தது. ஷெர்பாக்களின் தலைவராக அனுபவம் மிகுந்த வாங்டி நோர்பு பொறுப்பேற்றிருந்தார். கேதார்நாத் சிகரத்தில் ஏறும்போது, சுவிஸ் மலையேறி ஒருவரோடு ஒரே கயிற்றில் பிணைந்திருந்த அவர் சறுக்கி நெடுந்தொலைவு உருண்டு விழுந்தார். கால் முறிந்தது, தலையிலும் காயம். களைத்திருந்த குழுவால் அவரை உடனே தூக்கி இறக்க முடியவில்லை. கூடாரத்தில் தங்கவைத்துவிட்டு உதவி தேடிச் சென்றனர். உதவி வந்துசேரத் தாமதமானது. தாம் கைவிடப்பட்டதாக எண்ணி அம்முதியவர் மனம் உடைந்துபோனார்.

டென்சிங் மற்றவர்களோடு மேலே சென்று அவரைக் கீழே கொண்டுவந்தார். வாங்டி உயிர் பிழைத்தார். அவருடைய பொறுப்பு டென்சிங்குக்கு வந்தது. அந்த மீட்பில்தான் டென்சிங் முதன்முதலாக ஷெர்பாக்களின் தலைவரானார் என்பது குறிக்கத்தக்கது. அடிபட்டவருக்குக் காயத்தைவிடக் கொடியது தனிமை என்பதையும், உதவி வரும் என்ற நம்பிக்கை மருந்துக்கு நிகரானது என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. சில நாள்களில் அதே கேதார்நாத் சிகரத்தின் உச்சியை அவர் சுவிஸ் மலையேறிகளோடு சென்றடைந்தார். அவர் எட்டிய முதல் பெருஞ்சிகரம் அது.

எல்லா மீட்பு முயற்சிகளும் வெற்றி பெறுவதில்லை. 1950ஆம் ஆண்டு இறுதியில், கடுங்குளிர்காலத்தில் ஆங்கிலேயர் மூவர் நங்கபர்வதம் சென்றனர். அப்பருவத்தில் அம்மலையில் ஏறுவது உயிருக்கு உலை வைக்கும் என ஷெர்பாக்கள் உணர்ந்தனர். மேலே செல்ல மறுத்தனர். அம்மூவருள் ஒருவர் பனிக்கடியால் கால் பாதிக்கப்பட்டுத் திரும்பினார். மற்ற இருவரும் மேலே கூடாரமிட்டுத் தங்கினர். ஒரு நாள் காலையில் அந்தக் கூடாரம் கண்ணுக்குத் தென்படவில்லை. டென்சிங்கும் உடனிருந்தோரும் தேடிப் புறப்பட்டனர். ஆளை விழுங்கும் புதுப்பனியும் உறையவைக்கும் குளிரும் அவர்களைத் தடுத்தன. மேலும் சென்றால் தேடுபவரையும் தேட வேண்டியிருக்கும் என்ற நிலையில் திரும்பினர். காணாமற்போன இருவரும் கிடைக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு நந்தாதேவியில் இதுபோன்ற இன்னொரு துயரம் நேர்ந்தது. பிரெஞ்சுக் குழுவின் தலைவர் ரோஜர் துய்ப்ளா, தம் இளைய தோழர் கில்பர்ட் விஞ்ஞ் என்பவரோடு நந்தாதேவியின் முதன்மைச் சிகரத்தில் ஏறி, கத்தி முனை போன்ற மலைமுகட்டின் வழியே கிழக்குச் சிகரத்துக்குக் கடந்துவரத் திட்டமிட்டார். 1951 சூன் 29 அன்று மேலே சென்ற இருவரும் மறைந்துபோயினர். கிழக்குச் சிகரத்தின் பக்கம் காத்திருந்த லூயி துபோவும் டென்சிங்கும் அவர்களைத் தேடி ஏறினர். சூலை 6ஆம் நாள் 7,434 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தை அடைந்து, எதிரே நீண்ட முகட்டைக் கண்களால் துழாவினர். மனித உருவமோ அடிச்சுவடோ தென்படவில்லை. தாம் ஏறியவற்றுள் மிகக் கடினமானது எது என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம், எவரெஸ்டை விடுத்து நந்தாதேவி கிழக்குச் சிகரத்தையே டென்சிங் குறிப்பிட்டார். உலகம் போற்றிய ஏற்றத்தைவிட, காணாமற்போன இருவருக்காக ஏறிய ஏற்றமே அவருக்குக் கடினமானதாக இருந்திருக்கிறது.

திரும்பிவரும் துணிவு

மரத்தின் நுனிக்கொம்பில் ஏறியவர் அதற்கும் மேல் ஏற முனைந்தால் உயிருக்கே இறுதியாகும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். 1952ஆம் ஆண்டு எவரெஸ்டின் தென்முகட்டில் அந்த எச்சரிக்கையை வாழ்ந்து காட்டியவர்கள் டென்சிங்கும் சுவிஸ் மலையேறி ரேமண்ட் லாம்பர்ட்டும்.

லாம்பர்ட், ஆல்ப்ஸ் மலையில் முன்பு சிக்கிய குளிர்காலப் புயலொன்றில் கால்விரல்களை இழந்தவர். மே 27 அன்று இருவரும் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் சிறு கூடாரமொன்றில் இரவைக் கழித்தனர். படுக்கைப் பைகளும் இல்லை; அடுப்பும் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கிச் சில மிடறு நீர் பருகினர். உறங்கினால் உறைந்துபோவோம் என்று ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் விழித்திருந்தனர். மறுநாள் ஏறி ஏறத்தாழ 8,600 மீட்டரை எட்டினர். அதுவரை மனிதர் எவரும் அத்தனை உயரத்தை அடைந்ததில்லை. உச்சி இன்னும் சுமார் 250 மீட்டர் மேலே இருந்தது. உயிர்வளிக் கருவிகள் சரியாக உதவவில்லை; உடலில் வலு குன்றியது; காற்று வலுத்தது. மேலே செல்லலாம், ஆனால் திரும்ப முடியாது என்பதை உணர்ந்து இருவரும் இறங்கினர்.

அன்று அவர்கள் திரும்பியிராவிட்டால், மறு ஆண்டு எவரெஸ்டில் டென்சிங் என்ற பெயர் ஒலித்திருக்காது. லாம்பர்ட் அன்புடன் அளித்த சிவப்புக் கழுத்துத்துணியை 1953இல் உச்சியில் டென்சிங் அணிந்திருந்தார்.

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் அதே சுவிஸ் முயற்சி மீண்டும் நடைபெற்றது. லோட்சே சரிவில் பனிக்கட்டிகள் உடைந்து விழுந்ததில் மிங்மா தோர்ஜி என்னும் ஷெர்பா உயிரிழந்தார். சுமை தூக்குவோர் இறந்தால் அவர்களின் குடும்பத்துக்கு என்ன வழி என்ற வினா டென்சிங்கை வாட்டியது. அவர் தலைமை ஏற்ற ஷெர்பா சங்கம் முறையான கூலிக்காகவும் காயத்துக்கும் இறப்புக்குமான இழப்பீட்டுக்காகவும் குரல் கொடுத்தது. மலையேற்றப் பாதுகாப்பு என்பது பயணம் செய்பவரின் பாதுகாப்பு மட்டுமன்று. அவருடைய சுமையைத் தூக்குபவரின் பாதுகாப்பும் ஆகும்.

சிகரமும் கயிறும்

1953ஆம் ஆண்டு ஜான் ஹண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவில் டென்சிங் ஷெர்பாக்களின் தலைவராகவும் மலையேறும் உறுப்பினராகவும் இடம்பெற்றார். ஏப்ரல் இறுதியில் ஒரு நாள், கும்பு பனியருவியின் வழியே எட்மண்ட் ஹிலாரியும் அவரும் ஒரே கயிற்றில் பிணைந்து விரைவாக இறங்கிக்கொண்டிருந்தனர். பனிப்பிளவு ஒன்றைத் தாண்டிக் குதித்த ஹிலாரியின் காலடியில் பனிவிளிம்பு உடைந்தது. அவர் பிளவுக்குள் விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் நொடிப்பொழுதில் தம் பனிக்கோடரியைத் தரையில் குத்தி, அதில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். கயிறு விறைத்து நின்றது. ஹிலாரி மேலே வந்தார்.

அந்தச் சில நொடிகளில் கணக்கிட்டுப் பார்க்க நேரமில்லை. கயிற்றைத் தளரவிடாமல் நடப்பது, முன்செல்பவர் மீது கண்வைத்திருப்பது, கோடரியை எப்போதும் ஆயத்தமாகப் பற்றியிருப்பது ஆகியவை பல ஆண்டுப் பழக்கத்தால் உடலோடு ஒன்றியிருந்தன. ஆபத்து வந்த பின் கற்றுக்கொள்ளக் கூடிய கலை அன்று இது. இந்நிகழ்ச்சிக்குப் பிறகு சிகர முயற்சியில் டென்சிங்கையே இணையாகக் கொள்ள ஹிலாரி விரும்பினார்.

மே 26 அன்று முதல் இணையான சார்லஸ் இவான்சும் டாம் போர்டிலனும் தென்சிகரம்வரை சென்றனர். உச்சி ஏறத்தாழ நூறு மீட்டரே எஞ்சியிருந்தபோதும் உயிர்வளியின் இருப்பையும் நேரத்தையும் எண்ணித் திரும்பினர். அவர்கள் தந்த செய்திகள் அடுத்த இணைக்கு வழிகாட்டின. மே 29 காலை, உறைந்துபோன தம் காலணிகளை அடுப்பில் வாட்டி இளக்கிய பின்னரே ஹிலாரியால் புறப்பட முடிந்தது. வழியில் டென்சிங் மூச்சுத் திணறியபோது, அவருடைய உயிர்வளிக் குழாயில் பனி உறைந்து அடைத்திருப்பதைக் கண்டு ஹிலாரி நீக்கினார். பிளவில் ஒருவரைக் காத்தவர் முகட்டில் காக்கப்பட்டார். முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் உச்சியை அடைந்தனர். கால்மணி நேரமே அங்கிருந்தனர். இறங்குவதற்கான உயிர்வளியைக் கணக்கிட்டிருந்ததால் அதற்குமேல் தங்கவில்லை.

கீழே இறங்கியதும் முதலில் காலடி வைத்தவர் யார் என்ற வினா நாடுகளிடையே பூசலாக மாறியது. இருவரும் சேர்ந்தே ஏறியதாக அவர்கள் அறிவித்தனர். ஹிலாரி சில அடிகள் முன்னே சென்றார் என்ற உண்மையைப் பின்னர் 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் தயங்காமல் பதிவுசெய்தார். ஒரே கயிற்றில் பிணைந்தவர்களுள் முதல்வர் யார் என்று கேட்பது பொருளற்றது என்பதே அவர் கருத்து.

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் போன்ற சமவெளி ஊர்கள் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. அங்கு நாம் எளிதாக மூச்சு விடுகிறோம். உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டரில் அது பாதியாகவும் எவரெஸ்டின் உச்சியில் மூன்றில் ஒரு பங்காகவும் ஆகிறது. உயிர்வளியும் அதே அளவில் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் விரைந்து செல்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், களைப்பு, உறக்கமின்மை தோன்றலாம். இது மலைநோயின் தொடக்கம். அந்நிலையில் மேலே ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்விலும் மூச்சுத் திணறல், இருமல் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழப்பமும் தோன்றினால் மூளை வீங்கியிருக்கலாம். இவ்விரண்டும் உயிரைப் பறிப்பவை. இரவென்றும் பாராமல் உடனே கீழே இறக்குவதே முதன்மையான மருத்துவம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி ஓய்வெடுப்பதும் இதைத் தவிர்க்கும் வழிகள்.

பயிற்சிக்கூடம்

எவரெஸ்ட் வெற்றிக்குப் பின் டென்சிங் புகழின் நிழலில் ஓய்ந்திருக்கவில்லை. இந்திய இளைஞர்களுக்கு மலையேற்றத்தை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைத் தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு தொடங்கிவைத்தார். மேசர் நரேந்திர தர் செயால் அதன் முதல் முதல்வர். களப்பயிற்சி இயக்குநர் டென்சிங். பொறுப்பேற்குமுன் அவர் சுவிட்சர்லாந்து சென்று, அர்னால்ட் கிளாட்ஹார்ட் என்னும் வழிகாட்டியிடம் கற்பிக்கும் முறையைக் கற்றார். உலகின் உச்சியில் நின்று வந்தவர், மீண்டும் மாணவராக அமர்ந்தது அவருடைய பெருமையைக் கூட்டுகிறது.

நிறுவனம் தொடக்கத்தில் இயங்கிய ராய் வில்லா என்னும் மாளிகை தமிழர்க்கும் நெருக்கமானது. பாரதியார் தம் குருவாக ஏற்ற நிவேதிதா அம்மையார் 1911இல் உயிர்நீத்த இல்லம் அதுவே.

கயிற்றில் முடிச்சிடுதல், பாறையில் பிடிமானம் தேர்தல், சறுக்கும்போது பனிக்கோடரியால் நிறுத்துதல், பனிப்பிளவில் விழுந்தவரை மேலே இழுத்தல், அடிபட்டவரைக் கயிற்றாலும் கழிகளாலும் கட்டிய தூளியில் சுமந்து இறக்குதல் ஆகியவை மலையேற்றப் பயிற்சியின் அடிப்படைகள். ஷெர்பாக்கள் வழிவழியாகக் கையறிவாகக் காத்த திறன்கள், இவ்வாறு எவரும் கற்கக்கூடிய பாடங்களாயின. 1965ஆம் ஆண்டு எம். எஸ். கோலி தலைமையிலான இந்தியக் குழுவினர் ஒன்பது பேர் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அவர்களுள் ஒருவரான நவாங் கோம்பு, டென்சிங்கின் உறவினர். எவரெஸ்டில் இருமுறை ஏறிய முதல் மனிதர். டென்சிங்குக்குப் பின் களப்பயிற்சிப் பொறுப்பை ஏற்றவரும் அவரே.

பயிற்சி பெற்றவரையும் மலை விட்டுவைப்பதில்லை என்பதற்குச் செயாலின் முடிவே சான்று. நிறுவனத்தின் முதல்வராக விளங்கிய அவர், 1958இல் சோ ஓயு மலைக்கு விரைந்து ஏறிச் சென்றபோது உயர்மலை நுரையீரல் நோயால் இறந்தார். உடல் உயரத்துக்குப் பழக வேண்டிய நாள்களைத் துணிவாலோ அனுபவத்தாலோ சுருக்கிவிட இயலாது.

1976ஆம் ஆண்டுவரை இருபத்திரண்டு ஆண்டுகள் டென்சிங் அங்கே பணியாற்றினார். இந்திய அரசு 1959இல் பத்மபூசண் விருதளித்துச் சிறப்பித்தது. 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் அவர் காலமானார். பயிற்சி நிறுவன வளாகத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. கையில் கொடியேந்திய அவருடைய சிலை இன்றும் அங்கே பயிற்சிக்கு வருவோரை வரவேற்கிறது. துணிகரச் செயல்களுக்காக இந்திய அரசு வழங்கும் தேசிய விருது அவர் பெயரைத் தாங்கியுள்ளது. புளூட்டோவில் உள்ள மலைத்தொடர் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நம் மலைகளும் நாமும்

குறிஞ்சியை முதல் திணையாகக் கொண்ட மரபு நம்முடையது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பனிப்புயல் இல்லை. ஆனால் இடர்கள் இல்லாமல் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடையில் காய்ந்த புல்வெளி, காற்றின் வேகம், செங்குத்தான சரிவு, வெளியேறும் வழி அறியாமை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் நெருப்புக்கு முன் மனிதர் ஓட முடியாது. தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும். அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அவ்வாண்டிலேயே வகுத்தது. வனத்துறையின் இசைவு பெறுவதும், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு செல்வதும் வெறும் நடைமுறைச் சடங்குகள் அல்ல. காட்டுக்குள் சென்றவர் எத்தனை பேர், எவ்வழியில் சென்றனர், எப்போது திரும்ப வேண்டும் என்பது வெளியில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால்தான் மீட்புக்குழு எங்கே தேடுவது என்று அறிய முடியும்.

மலையில் வழி தவறியவர் அலைந்து திரியாமல் ஓரிடத்தில் தங்கிக் குறிப்புக் காட்ட வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதல் ஒலி எழுப்புதல் அல்லது விளக்கு ஒளிரச் செய்தல், பின் ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு முறை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மலை அபாயக் குறிப்பு. அதைக் கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஒலித்து மறுமொழி தருவர். கைப்பேசித் தொடர்பு உள்ள இடத்தில் 112 என்னும் அவசர உதவி எண் பயன்படும். அடிபட்டவரை ஈரமும் காற்றும் படாமல் போர்த்தி, தரையின் குளிர் ஏறாதவாறு கீழே விரித்து, அருகில் ஒருவர் இருந்து நம்பிக்கை அளிக்க வேண்டும். பனிக்கடியால் மரத்துப்போன விரல்களைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் திசுக்கள் மேலும் சிதையும்.

எழுத்தறியாத ஒரு கவரிமா மேய்ப்பரின் மகன், சுமைகூலியாகத் தொடங்கி உலகின் உச்சியை அடைந்தது வியப்புக்குரியது. வாங்டியைக் கூடாரத்திலிருந்து மீட்டதும், மறைந்த பிரெஞ்சு வீரர்களைத் தேடி ஏறியதும், உச்சிக்கருகில் சென்றும் லாம்பர்ட்டோடு திரும்பியதும், பனிப்பிளவில் ஹிலாரியைத் தாங்கியதும், பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் இளைஞர்களுக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த வியப்புக்கு இணையானவை. ஒரு முனையில் நாம் ஏறும்போது மறுமுனையில் நம்மைத் தாங்குபவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் காத்துத் தம்மையும் காத்துக்கொண்டு வீடு திரும்புபவரே மலையை வென்றவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள மலை, ஏரி, காடு ஆகியவற்றுள் ஒன்றுக்கு வகுப்பாகச் செல்வதாகக் கொண்டு, புறப்படுமுன் செய்ய வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பட்டியலிடுக.

2. குழுத்தலைவர் திரும்பலாம் என்கிறார். குழுவினர் சிலர் மேலே செல்ல விரும்புகின்றனர். இச்சூழலை வகுப்பறையில் உரையாடலாக நடித்துக் காட்டுக.

வினாக்கள்

குறுவினா

1. டென்சிங் முதன்முதலாக ஷெர்பாக்களின் தலைவரான சூழல் யாது?

2. மலையில் உதவி வேண்டுவோர் எழுப்பும் அபாயக் குறிப்பு எவ்வாறு அமையும்?

சிறுவினா

1. மலைநோயின் அறிகுறிகளையும் அதைத் தவிர்க்கும் வழிகளையும் எழுதுக.

2. 1952இல் டென்சிங்கும் லாம்பர்ட்டும் திரும்பியது தோல்வியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

நெடுவினா

1. சிகரம் தொட்டவர் என்பதைவிட உயிர்களைக் காத்தவர் என்றே டென்சிங்கைப் போற்ற வேண்டும் என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.